குழுக் கடனில் படித்த மருந்துப் படிப்பு

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உன் படிப்பைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசு கண்ணு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. பத்து நிமிஷத்துல முடியாதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என்னைச் சின்னக் குழந்தையிலிருந்து பார்த்தவர்கள். வாரா வாரம் குழுக் கூட்டத்துக்கு அம்மாவோடு வந்து, ஜமுக்காளத்தின் ஓரத்தில் படுத்துத் தூங்கிப் போகிற பெண் நான்தான். 1989-இல் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கின என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் அம்மாவின் குழு அதற்குப் பல வருடம் கழித்து வந்தது. வாரம் பத்து ரூபாய் சந்தா. புளி தட்டிக் கொட்டை எடுக்கிற கூலியில் அந்தப் பத்து ரூபாயை முதலில் எடுத்து முந்தானையில் முடிந்துவிட்டுத்தான் அம்மா அரிசி வாங்கப் போவார்.

இன்றைக்கு நான் பார்மசிஸ்ட். தமிழில் மருந்தாளுநர் என்று சொல்வார்கள். பேருக்குப் பின்னால் பி.பார்ம். என்று போட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் ஏன் இந்தப் படிப்புக்குப் போனேன் என்ற கதையை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஊரில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

2009-இல் பிளஸ் டூ முடித்தேன். தமிழ் மீடியம். பயாலஜி எடுத்த சயின்ஸ் குரூப். மார்க்கு சுமாரான மார்க்குதான். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மேலே படிப்பது பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் 1800 ரூபாய். முதலில் கூட்டித் துடைப்பது, ரேக்கில் அடுக்குவது. ஆறே மாதத்தில் கவுன்டரில் நிற்க வைத்துவிட்டார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். எப்படிப் படித்தேன் என்று கேட்காதீர்கள். முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பேன், கடைசி எழுத்தைப் பார்ப்பேன், நடுவில் இருப்பதை ஊகிப்பேன். ஜனங்கள் என்னை "பாப்பா, நல்லா எடுத்துக் குடுக்கறா"ன்னு சொல்வார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

அந்தக் கடையின் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கும். அதில் ஒருவருடைய போட்டோ. அவர்தான் அந்தக் கடையின் பார்மசிஸ்ட். இரண்டு வருடம் அங்கே வேலை செய்தேன். அந்த மனிதரை ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை.

2011 தை மாதம். எங்கள் குழுவிலேயே மூத்த உறுப்பினர், எல்லோரும் ஆயா என்று கூப்பிடுவோம், வயிற்று எரிச்சலுக்கு டாக்டரிடம் காட்டிவிட்டுச் சீட்டோடு கடைக்கு வந்தார். சாயங்கால நேரம், கவுன்டரில் கூட்டம். சீட்டில் இருந்தது எரிச்சல் மாத்திரை. நான் எடுத்தது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும், எழுதியதைப் பார்த்தால் ஒரே நீளம். "சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும் ஆயா"ன்னு வேற சொல்லிக் குடுத்தேன்.

ஆயாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கூழைக் கூடக் குடிக்காமல் புளி தட்டப் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி உட்கார்ந்துவிட்டார். "ஆயாவுக்கு யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க"ன்னு கூடப் பேசினார்களாம். நல்ல வேளை, கிராம சுகாதார செவிலியர் அந்த வழியாக வந்தார். ஆயாவுக்கு அப்போது நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, 108-க்குப் போன் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு ராத்திரி குளுக்கோஸ் ஏற்றி வைத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்த மாத்திரை அட்டையை டாக்டர் வாங்கிப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆயாவின் மகன் கடைக்கு வந்து சத்தம் போட்டார். முதலாளி என்னைக் கை காட்டினார். "தெரியாத பொண்ணு, மாத்திக் குடுத்துருச்சு"ன்னார். அன்றைக்கே வேலை போனது. சுவரில் போட்டோவில் இருந்தவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஆயா கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வராண்டாவில் நின்று அழுதேன். வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்கா விசாரித்தார். சொன்னேன். "தெரியாமக் குடுத்துட்டேன்னு அழுவுறியே, தெரிஞ்சுகிட்டுக் குடுக்கறதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கு, தெரியுமா உனக்கு?" என்றார். டி.பார்ம். என்ற வார்த்தையை, அது ஒரு படிப்பு என்று அப்போதுதான் கேட்டேன். இரண்டு வருடம் மெடிக்கல் ஷாப்பில் நின்றவள் நான்!

இனிதான் நம் குழுவின் கதை.

டி.பார்ம். இரண்டு வருடப் படிப்பு. முதல் வருடக் கட்டணம் 40,000 ரூபாய். அம்மாவின் தோட்டை அடகு வைத்து 15,000. மீதிக்குக் குழுவில் உள்கடன் கேட்டோம். அதுவரை எங்கள் குழுவில் கறவை மாட்டுக்கும், மருத்துவச் செலவுக்கும், சீருக்கும் கடன் கொடுத்திருக்கிறார்கள். படிப்புக்கு என்று 25,000 கொடுத்ததே இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு அத்தை கேட்டார், "பொட்டப் புள்ள. நாளைக்கு வேற வீட்டுக்குப் போயிருவா. கடன யாரு கட்டுவா?" இன்னொருவர் கேட்டதுதான் எனக்குத் தைத்தது. "ஒரு உசுர எடுக்கப் பாத்த பொண்ணுக்கு மறுபடியும் மாத்திரைய எடுத்துக் கையில குடுக்கணுமா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். எனக்குப் பதில் இல்லை. அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டை எழுதிச் சுற்றுக்கு விட்டார். சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் யோசித்துப் போட்டார்கள். நோட்டு கடைசியாக ஆயாவிடம் வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

ஆயா என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் படிப்புப் படிச்சா எனக்கு ஆன மாதிரி இன்னொருத்தருக்கு ஆவாதா?"

"ஆகாது ஆயா"ன்னு சொல்ல வாய் வரவில்லை. "ஆகாதுன்னு சத்தியம் பண்ண முடியாது ஆயா. ஆனா எடுத்தது என்ன மருந்துன்னு தெரிஞ்சு எடுப்பேன். ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் குடுப்பேன்" என்றேன்.

ஆயா கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குழுவுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட அந்தக் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் போட்டார். 25,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி.

கல்லூரியில் முதல் மாதம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. எல்லாம் ஆங்கிலம். மருந்தாக்கவியல், மருந்து வேதியியல், உடல் கூறும் உடல் இயங்கியலும், உயிர் வேதியியல், மூலிகை மருந்துகளைப் பற்றிய பார்மகோக்னசி, சுகாதாரக் கல்வி. முதல் வருடத்துக்கே ஆறு பாடம். ஒரு நோட்டை மூன்று பத்தியாகக் கோடு போட்டேன். முதலில் ஆங்கில வார்த்தை, அடுத்து அதை எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில், மூன்றாவதில் அர்த்தம். குழுவின் வரவு செலவு நோட்டைப் பார்த்துப் பழகிய கை, கோடு போட மட்டும் நன்றாக வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. டாக்டர் சீட்டில் ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை, பி.டி. என்றால் இரண்டு முறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எல்லாம் லத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கம். கவுன்டரில் இரண்டு வருடம் அதைக் குருட்டு மனப்பாடமாகப் பார்த்திருக்கிறேன். பார்மகோக்னசி வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது. நம் வாசலில் பூக்கிறதே நித்யகல்யாணி, அதிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் என்ற மருந்து எடுக்கிறார்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தள், விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்பார்கள், அதன் விதையிலிருந்து மூட்டு வீக்கம் தரும் கவுட் நோய்க்கான கொல்சிசின் எடுக்கிறார்கள். அதே செடியைத் தெரியாமல் தின்றால் விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது அளவு மட்டும்தான் என்று அன்றைக்கு எழுதி வைத்துக்கொண்டேன்.

முதல் வருடப் பரீட்சையில் மருந்து வேதியியலில் பெயிலானேன். குழுப் பணத்தை வாங்கிக்கொண்டு பெயிலாகிவிட்டோமே என்று நான்கு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "சங்கத்துல ஒரு தவணை தவறிப் போனா என்ன பண்றோம்? அடுத்த மாசம் சேத்துக் கட்டறோம். அந்த மாதிரி இதையும் சேத்துக் கட்டு." சேர்த்துக் கட்டினேன். மறுபரீட்சையில் தேறிவிட்டேன்.

இரண்டாம் வருடம் பார்மகாலஜி. ஒவ்வொரு மருந்தும் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று சொல்லும் பாடம். ஒரு நாள் சர்க்கரை நோய் மாத்திரைகள் பற்றிய வகுப்பு. ஒரு வகை மாத்திரை கணையத்தை உசுப்பிவிட்டு இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பிடாமல் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும், வியர்க்கும், நடுங்கும், மனம் குழம்பும், சிலவற்றின் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும், அதனால் தெளிந்த மாதிரி இருந்தாலும் ஆளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போனார். அவர் பாடம் நடத்துகிறார். எனக்கு ஆயாவின் உடம்பைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருந்தது. ஏன் இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. "வெறும் வயித்துல போடுங்க"ன்னு நான் சொன்ன வார்த்தை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்ததும் 500 மணி நேரப் பயிற்சி. மூன்று மாதத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டும். அதில் பாதியாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையாக இருக்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் போட்டார்கள். அங்கிருந்த பெரியவர் ஒரு பழக்கம் கற்றுக் கொடுத்தார். "ரேக்கிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை பெயரைப் படி. எண்ணிக் கவரில் போடும்போது ஒரு தடவை படி. கையில் கொடுக்கும்போது நோயாளிக்கு எதிரிலேயே ஒரு தடவை படி." நான் ஆயாவிடம் இரண்டு தடவை என்றுதான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அது மூன்றானது.

2014-இல் தமிழ்நாடு மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்தேன். பதிவு பெற்ற மருந்தாளுநர் என்று என் பெயரும் போட்டோவும் போட்ட சான்றிதழ் கைக்கு வந்தது. அதைப் பார்த்து அம்மா விளக்கேற்றினார்.

அந்த வாரமே ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஸ்வீட் பாக்ஸ், பழம் எல்லாம் வாங்கி வந்திருந்தார். "புதுசா மெடிக்கல் தொறக்கறோம். உங்க பொண்ணு வேலைக்கு வர வேண்டாம். சர்டிபிகேட்ட மட்டும் குடுத்தாப் போதும். மாசம் 4000 வீட்டுக்கே வந்துரும்" என்றார். இதில் ஒன்றும் ஒளிவு மறைவு இல்லை, ஊர் முழுக்க நடப்பதுதான் என்ற மாதிரி பேசினார்.

அப்போது குழுக் கடன் பாக்கி 18,000. அடகில் இருந்த தோடு மீட்கவில்லை. தம்பி அப்போது பாலிடெக்னிக் சேர நின்றான். "சும்மா வர்ற பணம்க்கா. நீ வேற எடத்துல வேலைக்கும் போலாம்"னு அவன் என்னோடு சண்டை போட்டான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தே மாதத்தில் குழுக் கடன் தீர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் ராத்திரி அம்மா கேட்டார். "உம் பேரு அங்க செவுத்துல தொங்கும். சரி. கவுன்டர்ல யாரு நிப்பா?"

"யாராவது ஒரு பொண்ண வெச்சுக்குவாங்க."

"எந்த மாதிரிப் பொண்ணு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வந்த பதில், "என்னை மாதிரி ஒரு பொண்ணும்மா."

"அப்ப வேண்டாம்" என்றார் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

நான் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் 7000 சம்பளத்துக்குச் சேர்ந்து, பதினாலு மாதத்தில் குழுக் கடனை முடித்தேன். கடைசித் தவணை கட்டிய அன்று, "பொட்டப் புள்ள, யாரு கட்டுவா"ன்னு கேட்ட அத்தைதான் பாஸ்புக்கில் எழுதினார். அவரும் இங்கே வந்திருக்கிறார். சிரிக்கிறார் பாருங்கள்.

2015-இல் பி.பார்ம். சேர்ந்தேன். டி.பார்ம். முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்று வருடம். இந்த முறை வங்கியில் கல்விக் கடன். அம்மா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டார். "குழுவுல வாங்கின கடன ஒழுங்காக் கட்டின குடும்பம்"னு நம் கூட்டமைப்பு சொன்னது வங்கியில் எங்களுக்குக் கை கொடுத்தது. கல்யாணப் பேச்சும் வந்தது. "படிப்பு முடியட்டும்" என்று அம்மா எல்லோரையும் திருப்பி அனுப்பினார். 2018-இல் பட்டம். 2020-இல் என் சொந்தச் சான்றிதழில் சொந்தமாக மருந்துக் கடை. பத்து சதுர மீட்டருக்குக் குறையாத இடம், குளிர்பதனப் பெட்டி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் எல்லாம் வாங்கித் திறந்தேன். என் கடைச் சுவரிலும் சான்றிதழ் தொங்குகிறது. அதற்குக் கீழே நான் நிற்கிறேன்.

இப்போது உங்களுக்கு உபயோகப்படுகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், கடையில் கேளுங்கள். 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். "இங்க பார்மசிஸ்ட் யாருங்க?" என்று கேட்பதில் தப்பே இல்லை. மாத்திரையைக் கையில் வாங்கியதும், "இது எதுக்கு? எப்போ போடணும்? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். அட்டையில் உள்ள பெயரைச் சீட்டோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதி பாருங்கள். பில் வாங்குங்கள். பில் இருந்தால்தான் நாளைக்கு ஒரு தப்பு நடந்தால் கேட்க முடியும்.

இரண்டாவது, அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாட்டிக் எல்லாம் அதில் வரும். போன முறை காய்ச்சலுக்குக் கொடுத்த அட்டையைக் காட்டி "இதே மாதிரி குடு"ன்னு கேட்காதீர்கள். டாக்டர் எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாள் போடுங்கள். இரண்டு நாளில் தேவலை என்று நிறுத்திவிட்டு மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். காசநோய் மருந்து, சில தூக்க மாத்திரை, வீரியமான சில ஆன்டிபயாட்டிக் போன்றவற்றுக்கு நாங்கள் தனிப் பதிவேடு வைத்து, யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எத்தனை கொடுத்தோம் என்று எழுதி, மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். கேட்கும்போது கோபப்படாதீர்கள்.

மூன்றாவது, "செட்டு மாத்திரை". நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டு, புளி தட்டி, இடுப்பு வலிக்கு நாலு கலர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வாங்கிப் போடுகிறோம். அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பல நேரம் கொடுக்கிறவருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு இருக்கலாம். வலி பறந்துவிடும். ஆனால் நாள் கணக்கில் போட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்து திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதே மாதிரி பாராசிட்டமால் நல்ல மருந்துதான். ஆனால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லி கிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகவே கூடாது. சளி மாத்திரையிலும் பல நேரம் அதே பாராசிட்டமால்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலைப் பாதிக்கும்.

நான்காவது, குழந்தை மருந்து. சமையல் கரண்டியில் ஊற்றாதீர்கள். பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றுங்கள். பவுடராக வரும் மருந்தை, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கோடு வரைக்கும் கலக்குங்கள். கலக்கிய பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று லேபிளில் இருக்கும். அதற்கு மேல் வைக்காதீர்கள். இன்சுலினைப் பிரிட்ஜில் வைக்கலாம், மேலே ஐஸ் உறையும் இடத்தில் வைக்கக் கூடாது.

ஐந்தாவது, செலவு. ஒரே மருந்து பல கம்பெனிப் பெயரில், பல விலையில் வருகிறது. டாக்டரிடமே "இதே மருந்து விலை குறைவா இருக்குமா?"ன்னு கேளுங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் குறைந்த விலை ஜெனரிக் மருந்துகள் இருக்கின்றன. பிரஷர், சர்க்கரை இருப்பவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதைக் கொண்டு வரும் தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து போன பெண்கள்தான்.

மகள்களைப் படிக்க வைக்க நினைக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருந்தால் போதும். டி.பார்ம். இரண்டு வருடம், பி.பார்ம். நாலு வருடம், பார்ம்.டி. ஆறு வருடம். இதற்கு நம் மாநிலத்தில் நீட் கிடையாது. சேர்க்கும் முன் அந்தக் கல்லூரிக்கு இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் படித்து முடித்தும் பதிவு செய்ய முடியாது, கட்டின பணம் வீண். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. டி.பார்ம். முடித்தாலே அரசு மருந்தாளுநர் தேர்வு எழுதலாம். பட்டம் முடித்தால் மருந்துத் தயாரிப்பு, தரப் பரிசோதனை, மருந்து ஆய்வாளர் வேலை வரைக்கும் வழி இருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்து உங்கள் பெண் பயந்தால் என்னிடம் அனுப்புங்கள். மூன்று பத்தி நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நம் பெண்கள் படித்துச் சான்றிதழோடு வந்த அந்த வாரமே ஸ்வீட் பாக்ஸோடு ஒருவர் வருவார். அப்போது உங்கள் வீட்டிலும் கடன் இருக்கும், அடகு இருக்கும். அவர் கொடுக்கும் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் கவுன்டரில் யார் நிற்பார் என்று மட்டும் கேளுங்கள்.

கூட்டமைப்புக்கும் ஒரு வேண்டுகோள். குழுக்களில் படிப்புக் கடன் கேட்டு வந்தால் மாட்டுக் கடனைப் போலவே அதையும் எடுத்துப் பேசுங்கள். கேள்வி கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள். என்னைக் கேட்ட இரண்டு கேள்விகள்தான் என்னை ஒழுங்காகப் படிக்க வைத்தன.

ஆயா இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். கடைசி வரை பிரஷர் மாத்திரைக்கு என் கடைக்குத்தான் வந்தார். பழசை அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் கவரை வாங்கிக்கொண்டு, இடுப்பில் செருகுவதற்கு முன்னால் ஒன்று கேட்பார்.

"ரெண்டு தடவ பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன் ஆயா" என்பேன்.

அதற்குப் பிறகுதான் காசை எடுப்பார்.